ஊர்ல எத்தனை பேரு, ஊருக்கு எத்தனை பஸ்ஸு

இந்தியால ஏதாவது ஒரு சின்ன கிராமத்தோட பேரைத் தேடிப் பாருங்க, பீகாரா இருந்தாலும் சரி பெரம்பலூரா இருந்தாலும் சரி, வர்ற விவரம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். 2011 கணக்கெடுப்புப்படி மொத்தம் இத்தனை பேர், ஆண் இத்தனை, பெண் இத்தனை, ஆறு வயசு வரைக்கும் குழந்தைங்க இத்தனை, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க இத்தனை சதவீதம். அப்புறம் போக்குவரத்துன்னு ஒரு வரி. பக்கத்து டவுன் இத்தனை கிலோமீட்டர், ரயில்வே ஸ்டேஷன் இத்தனை, ஏர்போர்ட் இத்தனை. காலைல ஏழரை மணி பஸ்ஸை விட்டா அடுத்தது பதினொன்றரைக்குத்தான்னு இருக்கற ஊருக்கு ஏர்போர்ட் தூரம் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல, ஆனா அதை மட்டும் தவறாம போடறாங்க.

மேலோட்டமா பார்த்தா ஜனத்தொகை ஒரு விவரம், போக்குவரத்து வேற ஒரு விவரம். உண்மைல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்கற சமாச்சாரம். எத்தனை பேர் இருக்காங்கங்கறதை வச்சுத்தான் ரோடு வருது, அந்த ரோடும் பஸ்ஸும் எப்படி இருக்குங்கறதைப் பொறுத்துத்தான் அடுத்த கணக்கெடுப்புல எத்தனை பேர் ஊர்ல மிஞ்சியிருப்பாங்கங்கறதுல பாதி முடிவாகுது. இதுல கோளாறு எங்கன்னா, கணக்கு எழுதறவங்க எதை ஊர்னு வச்சு எண்றாங்களோ அதுவும், அங்க குடியிருக்கறவங்க எதை ஊர்னு சொல்றாங்களோ அதுவும் பெரும்பாலும் ஒண்ணு இல்ல.

முதல்ல இந்த ஊர்க் கணக்கையே எடுத்துக்குவோம். சென்சஸ்ல கிராமம்னா பெரும்பாலும் வருவாய் கிராமம், அதாவது பட்டா சிட்டா அடங்கல்னு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல எல்லை போட்டு வச்சிருக்கற நிலப்பரப்பு. அதுல ஆள் குடியிருக்கணும்னு கூட கட்டாயம் இல்ல. 2011-ல நாடு முழுக்க 6,40,930 கிராமம்னு கணக்கு வந்துச்சு, அதுல ஜனங்க வாழற கிராமம் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம்தான், மிச்சம் 43 ஆயிரம் பக்கம் பேருக்குத்தான் கிராமம், சர்வே நம்பர் இருக்கும், எல்லைக்கல் இருக்கும், வீடு இருக்காது. கிராமப்புற ஜனத்தொகை 83 கோடி சொச்சத்தை ஆள் இருக்கற கிராமங்களால வகுத்தா ஒரு கிராமத்துக்கு சுமார் 1,400 பேர்னு சராசரி வருது. இந்த சராசரியை வச்சுக்கிட்டு எதையும் யோசிக்காதீங்க, ஒண்ணுத்துக்கும் உதவாது. ஹிமாச்சல்ல ஒரு கிராமத்துக்கு சராசரி 350 பேர் கூட தேறாது, மலைச்சரிவுல பத்து பதினஞ்சு வீடு இருந்தாலும் அது தனி கிராமம்னு பதிவாகியிருக்கும். கேரளால மொத்தமே 1,018 கிராமம்தான், ஒவ்வொண்ணுக்கும் சராசரி 17 ஆயிரம் பேர், அங்க வீடு தொடர்ந்து போய்க்கிட்டே இருக்கும், ஒரு ஊர் எங்க முடிஞ்சு அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு போர்டைப் பார்த்தாத்தான் தெரியும். தமிழ்நாடு ரெண்டுக்கும் நடுவுல, கிராமத்துக்கு சுமார் 2,500 பேர். ஆக 'கேரளால ஒரு கிராமம்'னு ஒருத்தர் சொல்றதும் 'ஹிமாச்சல்ல ஒரு கிராமம்'னு இன்னொருத்தர் சொல்றதும் அளவுல அம்பது மடங்கு வித்தியாசம், ரெண்டுக்கும் ஒரே அளவுகோல்ல பஸ் வசதி இருக்கு இல்லன்னு டிக் அடிச்சா என்ன தெரிஞ்சுக்க முடியும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வந்தா இன்னொரு அடுக்கு இருக்கு. இங்க 12,525 ஊராட்சி, அதுக்குள்ள 79 ஆயிரத்துக்கு மேல குக்கிராமங்கள்னு ஊரக வளர்ச்சித் துறை கணக்கு வச்சிருக்கு, அப்படின்னா ஒரு ஊராட்சிக்கு சராசரி ஆறு குக்கிராமம். சென்சஸ் பக்கத்துல ஒரே பேரா வர்றது தரையில பார்த்தா ஒரு பெரிய ஊர், அதுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி தலித் மக்கள் குடியிருக்கற காலனி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு புதூர், காட்டுக்குள்ள அங்கங்க கொட்டாய் போட்டு இருக்கறவங்க, இப்படி நாலஞ்சா பிரிஞ்சு கிடக்கும். பெரிய ஊர் வாசல்ல பஸ் நின்னா போதும், மொத்த கிராமத்துக்கும் 'பஸ் வசதி உண்டு'ன்னு பதிவாகிடும். புதூர்க்காரங்க கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் நடந்து வந்து அந்த பஸ்ஸைப் பிடிக்கறது எந்தக் கட்டத்துலயும் ஏறாது.

காலனி விஷயத்தைத் தனியா சொல்லணும். நம்ம கிராமங்கள்ல பல இடத்துல பஸ் ஊர் வரைக்கும் வந்து திரும்பிடும், காலனிக்கு வராது. வண்டி திரும்ப இடம் இல்ல, ரோடு குறுகல்னு காரணம் சொல்வாங்க, சில இடத்துல அது நிஜமான காரணமாவும் இருக்கும், ஆனா நிறுத்தம் எங்க இருக்கணும், ஷெட்டு யார் தெருவுல கட்டணும்ங்கறதெல்லாம் ஊர்ல யார் கை ஓங்கியிருக்கோ அவங்க பேச்சுப்படித்தான் நடந்து வந்திருக்கு. தமிழ்நாட்டுல பஸ்ஸும் ஜாதியும் எவ்வளவு பின்னிக் கிடக்குன்னு சந்தேகம் இருந்தா 1997-ஐ ஞாபகப்படுத்திக்கலாம். விருதுநகர்ல புது போக்குவரத்துக் கழகத்துக்கு, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த விடுதலை வீரர் வீரன் சுந்தரலிங்கம் பேரை வச்சதுக்கே தென் மாவட்டங்கள்ல கலவரமாகி, கடைசில எல்லா போக்குவரத்துக் கழகங்கள்ல இருந்தும் மாவட்டங்கள்ல இருந்தும் தலைவர்கள் பேரையே எடுத்துட்டாங்க. வெறும் பேருக்கே அப்படின்னா நிறுத்தத்துக்கு எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சரி, அந்த போக்குவரத்து வரி எங்க இருந்து வருதுன்னு பார்ப்போம். சென்சஸ்காரங்க ஆட்களை எண்றதோட நிறுத்தறதில்ல, ஒவ்வொரு கிராமத்துக்கும் என்னென்ன வசதி இருக்குன்னு ஒரு பெரிய அட்டவணை தனியா வெளியிடறாங்க. அரசு பஸ், தனியார் பஸ், ரயில்வே ஸ்டேஷன், ஆட்டோ, டாக்ஸி, வேன், டிராக்டர், மிதிக்கற ரிக்‌ஷா, மாட்டுவண்டி, படகுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம். அப்புறம் தார் ரோடு, மெட்டல் ரோடு, ஒத்தையடிப் பாதை, மாவட்ட சாலையோட இணைப்பு இருக்கா, மாநில நெடுஞ்சாலையோட இருக்கான்னு ரோட்டுக்கு ஒரு வரிசை. இருந்தா 1, இல்லாட்டி 2. இல்லாத பட்சத்துல பக்கத்துல எங்க கிடைக்குதுங்கறதுக்கு ஏ, பி, சின்னு ஒரு எழுத்து, 5 கிலோமீட்டருக்குள்ள இருந்தா ஏ, 5-ல இருந்து 10 வரை பி, 10-க்கு மேல சி. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை ட்ரிப், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நைட் ஹால்ட் வண்டி உண்டா, மழைக்காலத்துல வருமாங்கறதுக்கெல்லாம் அதுல இடமே கிடையாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடற மெயின் ரோட்டு ஊருக்கும் 1, காலைல ஒரு சிங்கிள் சாயந்திரம் ஒரு சிங்கிள்னு வந்து போற ஊருக்கும் அதே 1. மலைல 11 கிலோமீட்டருக்கும் சி, பாலைவனத்துல 60 கிலோமீட்டருக்கும் சி. அதை எடுத்துத்தான் ஒவ்வொரு ஊர்ப் பக்கத்துலயும் 'பேருந்து வசதி உள்ளது'ன்னு எழுதி வைக்கறாங்க.

ஜனத்தொகையும் அதே லட்சணம்தான். 2011-ல பிப்ரவரி 9-ல இருந்து 28 வரைக்கும் வீடு வீடா போய் எழுதி, மார்ச் 1 நள்ளிரவு நிலவரம்னு வச்சு முடிச்சாங்க. அந்த இருபது நாள் முழுக்க ஊர்ல இல்லாதவங்களை அந்த ஊர்ல எழுத மாட்டாங்க, எங்க தங்கியிருக்காங்களோ அங்க எழுதுவாங்க. திருப்பூர் பனியன் கம்பெனில வேலை பார்த்துட்டு பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் வர்றவர் சென்சஸ்படி திருப்பூர்க்காரர். ஆனா அவர் ரேஷன் கார்டு ஊர்ல, ஓட்டு ஊர்ல, கோயில் வரி கூட ஊர்லதான். கிராமத்துக்குப் போய் எத்தனை பேர்னு கேட்டா ஊராட்சி செயலர் ஒரு நம்பர் சொல்வார், ரேஷன் கடைக்காரர் வேற சொல்வார், வாக்காளர் பட்டியல்ல மூணாவதா ஒண்ணு இருக்கும், எல்லாமே அவங்கவங்க அளவுல சரிதான். பஸ் விடறவங்களுக்கு இதுல எது வேணும்? வாரநாள்ல ஊர்ல இருந்து டவுனுக்குப் போய் வர்ற ஆள் எத்தனைங்கற கணக்கு. அது இந்த மூணுலயும் இல்ல.

இன்னொண்ணு, சின்ன ஊர்னா சதவீதத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. 180 பேர் இருக்கற ஊர்ல ரெண்டு குடும்பம் கிளம்பிப் போனா ஜனத்தொகை 'வீழ்ச்சி' அஞ்சு சதவீதம், அதுல ஆறு வயசுக்குள்ள பதினஞ்சு குழந்தைங்கதான் இருக்கும், ஒரு வீட்ல ஒரு குழந்தை கூடினாலோ குறைஞ்சாலோ ஆண் பெண் விகிதம் தலைகீழா மாறிடும். இதை வச்சு இந்த ஊர்ல பெண் குழந்தைங்க விகிதம் மாநில சராசரியை விட ரொம்ப கம்மின்னு எழுதறாங்க பாருங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

இப்ப ரோட்டுக்கு வருவோம், இங்கதான் ஜனத்தொகை நம்பர் வெறும் தகவலா இல்லாம தலையெழுத்தா மாறுது. 2000-ம் வருஷம் டிசம்பர் 25-ம் தேதி ஆரம்பிச்ச பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்துல விதி ரொம்ப நேரடியானது. சமவெளில 500 பேருக்கு மேல, மலை மாநிலம், பாலைவனம், பழங்குடிப் பகுதின்னா 250 பேருக்கு மேல இருக்கற குடியிருப்புக்கு எல்லா பருவத்துலயும் போக முடியற ஒரு ரோடு. கணக்கு 2001 சென்சஸ். நல்ல விஷயம் என்னன்னா இங்க அளவு வருவாய் கிராமம் இல்ல, குடியிருப்பு. நடை தூரத்துல 500 மீட்டருக்குள்ள இருக்கற குடியிருப்புகளை ஒண்ணா கூட்டிக்கலாம், மலைல ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும். கெட்ட விஷயமும் அதே விதிலதான் இருக்கு. ஏற்கனவே இருக்கற ரோட்டுல இருந்து 500 மீட்டருக்குள்ள இருந்தா நீங்க 'இணைக்கப்பட்டாச்சு', மலைன்னா ஒன்றரை கிலோமீட்டர். மலைல ஒன்றரை கிலோமீட்டர்னா பிரசவ வலி வந்த பொண்ணைத் தூக்கிட்டு இறங்கறவங்களுக்கு அது என்ன தூரம்னு விதி எழுதினவங்க யோசிச்சாங்களான்னு தெரியல. இன்னொரு விதி, ஒரு குடியிருப்புக்கு ஒரே ஒரு இணைப்புதான். ஆஸ்பத்திரியும் ஸ்கூலும் மேற்க இருக்க, ரோடு கிழக்க வந்துட்டா முடிஞ்சுது, ரெண்டாவது ரோடு இந்தத் திட்டத்துல கிடையாது.

480 பேர் இருக்கற குடியிருப்புக்கு ரோடு தள்ளிப்போகும், 520 பேர் இருக்கற பக்கத்துக் குடியிருப்புக்கு முதல்ல வரும். ரெண்டு ஊருக்கும் மத்தபடி ஒரு வித்தியாசமும் இருக்காது. இந்த அபத்தம் ஆராய்ச்சிக்காரங்களுக்கு லட்டு மாதிரி மாட்டிச்சு, கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருக்கற ஊர்களை ஒப்பிட்டா ரோட்டால என்ன ஆச்சுன்னு சுத்தமா பிரிச்சுப் பார்க்கலாம் இல்லையா. சாம் ஆஷர், பால் நோவோசாட்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஆயிரக்கணக்கான கிராமங்களை வச்சு அதைச் செஞ்சு 2020-ல வெளியிட்டாங்க. ரோடு வந்தா விவசாயம் செழிக்கும், வருமானம் ஏறும்னுதானே எல்லாரும் எதிர்பார்ப்போம். அவங்களுக்குக் கிடைச்சது வேற. விளைச்சல்ல, சொத்துல, வருமானத்துல சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்ல. வண்டி வசதி கூடியிருக்கு, அதோட நிறைய பேர் விவசாய வேலையை விட்டுட்டு வெளி வேலைக்குப் போக ஆரம்பிச்சிருக்காங்க. எனக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. தமிழ்நாட்டுல காலைல ஆறு மணிக்கு கிராமத்து ரோட்டு முக்குல நின்னா மில்லு வேன், கம்பெனி பஸ், கட்டட வேலைக்கு ஆள் ஏத்தற டாடா ஏஸ்னு வரிசையா வரும். ரோடு கிராமத்துக்குள்ள என்ன கொண்டு வந்துச்சுங்கறதை விட, கிராமத்துல குடியிருந்துக்கிட்டே வெளியில சம்பாதிக்க வழி பண்ணிச்சுங்கறதுதான் பெரிய விஷயம். தினம் போயிட்டு ராத்திரி வீடு வந்து சேர முடிஞ்சா ஜனங்க ஊரைக் காலி பண்றதில்ல. முடியலன்னாத்தான் குடும்பத்தோட கிளம்பறாங்க.

அப்ப ரோடு போட்டா போதுமா? ரோடு வேற பஸ் வேற. இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. கிராமச் சாலைல தார் போடற அகலம் வழக்கமா 3.75 மீட்டர், வண்டி ரொம்ப கம்மியா ஓடற இடத்துல 3 மீட்டர். பஸ் அகலமே ரெண்டரை மீட்டர். எதிர்ல கரும்பு டிராக்டர் வந்தா யாராவது ஒருத்தர் மண்ணுல இறங்கணும், மழை பேஞ்ச மறுநாள் இறங்கினா ஏற முடியாது. வழியில தரைப்பாலம் இருந்தா ஐப்பசி கார்த்திகைல பஸ் அதுக்கு முன்னாடியே நின்னுடும், அந்தப் பக்கம் இருக்கற மூணு ஊரும் தண்ணி வடியற வரைக்கும் துண்டாகிக் கிடக்கும். தண்ணி கொஞ்ச நேரம் மேல ஓடறதுக்கு விதிலயே இடம் இருக்கு, அதனால அட்டவணைல அது எல்லா பருவத்துக்கும் ஆன ரோடுதான். கடைசி ஊர்ல பஸ் திரும்ப இடம் வேணும், அது புறம்போக்கா இருந்தா பரவாயில்ல, பட்டா நிலமா இருந்தா யார் விட்டுக்கொடுக்கறது. இதெல்லாம் சரியா இருந்தாலும் கடைசில வந்து நிக்கறது கலெக்‌ஷன்ல.

டிப்போவுக்கு ஒவ்வொரு ட்ரிப்புக்கும் கலெக்‌ஷன் கணக்கு இருக்கு. பழைய நாள்ல ஊர் மொத்தமும் அந்த ஒரு பஸ்லதான் போகணும், சந்தை நாள்ல கூரை மேல கூட மூட்டை ஏறும். 1980-ல டி.வி.எஸ். 50 வந்துச்சு, அப்புறம் எக்ஸ்.எல்., அப்புறம் தவணைல பைக். 2011 சென்சஸ்ல நாட்டுல நூறு வீட்டுக்கு 45 வீட்ல சைக்கிள், 21 வீட்ல டூ வீலர்னு இருந்துச்சு, தமிழ்நாட்டுல டூ வீலர் அதை விட நல்லாவே அதிகம். வண்டி வாங்கினது யாரு? பெரும்பாலும் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துக்கிட்டிருந்த ஆம்பளைங்க. அவங்க போனதும் பஸ்ல மிச்சம் இருக்கறது ஸ்கூல் பாஸ்ல வர்ற பிள்ளைங்க, ஆஸ்பத்திரிக்குப் போற வயசானவங்க, பொம்பளைங்க. கலெக்‌ஷன் குறையும், மத்தியான ட்ரிப் கட் ஆகும், மத்தியான ட்ரிப் இல்லன்னா காலைல போறவங்க சாயந்திரம் வரைக்கும் டவுன்ல காத்துக் கிடக்கணும்னு இன்னும் நாலு பேர் பைக் வாங்குவாங்க, கலெக்‌ஷன் இன்னும் குறையும். இந்தச் சுழல்ல கடைசில மாட்டிக்கறது வண்டி ஓட்டத் தெரியாதவங்களும் வண்டி வாங்க முடியாதவங்களும்தான்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 1997-ல தமிழ்நாட்டுல மினி பஸ் வந்துச்சு. தனியாருக்கு பர்மிட், மொத்த ரூட் 20 கிலோமீட்டர், அதுல 16 கிலோமீட்டர் ஏற்கனவே பஸ் ஓடாத ரோடா இருக்கணும், 4 கிலோமீட்டர் மட்டும் டவுனுக்குள்ளயோ மெயின் ரோட்டுலயோ ஓடிக்கலாம். யோசனை அருமையான யோசனை. உள்ளடங்கின ஊர்ல இருந்து வாழைத்தாரையும் பால் கேனையும் ஏத்திக்கிட்டு சினிமாப் பாட்டு அலறிக்கிட்டு வந்த அந்தக் குட்டி வண்டியை அனுபவிச்சவங்களுக்கு அதோட அருமை தெரியும். ஆனா டீசல் விலை ஏற, டிக்கெட் விலை ஏறாம நிக்க, கூட்டம் இருக்கறது அந்த 4 கிலோமீட்டர்லதான்னு ஆகிப்போச்சு. காட்டு ஊருக்குள்ள போறதைக் குறைச்சுக்கிட்டு மெயின் ரோட்டுலேயே சுத்த ஆரம்பிச்ச வண்டிங்க ஒரு பக்கம், ஓட்டவே முடியாம பர்மிட்டை விட்டவங்க ஒரு பக்கம். 2025-ல புது மினி பஸ் திட்டம்னு கொண்டு வந்து ரூட் நீளத்தை 25 கிலோமீட்டராக்கி, அதுல 65 சதவீதம் பஸ் இல்லாத ரோடா இருந்தா போதும்னு தளர்த்தியிருக்காங்க. வண்டி ஓட்டறவருக்கு இது லாபம்தான். ரூட்டோட வால்ல இருக்கற ஊருக்கு ராத்திரி எட்டு மணிக்கு வண்டி வருமாங்கறது பர்மிட் பேப்பர்ல எழுதியிருக்கறதைப் பொறுத்து இல்ல, யாராவது போய் பார்க்கறாங்களாங்கறதைப் பொறுத்தது.

மகளிருக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லன்னு 2021 மே மாசம் வந்த திட்டத்தை இந்தக் கோணத்துல பார்க்கணும்னு நான் நினைக்கறேன். ஓசி பஸ்னு கிண்டல் பண்றவங்க இன்னும் இருக்காங்க. ஆனா பஸ்ல மிச்சமிருந்த கூட்டமே பெண்கள்தான், அவங்க டிக்கெட் காசை அரசே போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துடுது, அப்படின்னா கலெக்‌ஷன் இல்லன்னு ட்ரிப்பை வெட்டறதுக்கு ஒரு காரணம் குறையுது. சிக்கல் என்னன்னா இது சாதாரண கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். தனியார் மினி பஸ் மட்டும் ஓடற ஊர்ல, ஷேர் ஆட்டோ மட்டும் ஓடற ஊர்ல இருக்கற பொண்ணுக்கு இதுல ஒரு பைசா பிரயோஜனம் இல்ல, ரொம்ப உள்ளடங்கின ஊருங்கதான் பெரும்பாலும் அப்படி இருக்கு. 1990-கள் ஆரம்பத்துல புதுக்கோட்டைல அறிவொளிங்கற எழுத்தறிவு இயக்கம் நடந்தப்ப, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த நேரம், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. தண்ணி எடுக்க, விளைஞ்சதை விக்க, பிள்ளையை ஸ்கூல்ல விட பஸ்ஸுக்காகவோ வீட்டு ஆம்பளைக்காகவோ காத்திருக்கறது நின்னுச்சு. எந்த சென்சஸ் அட்டவணைலயும் அதுக்கு 1 போட இடம் இல்ல.

ரோடே இல்லாத ஊரும் இன்னும் இருக்கு, அதுவும் ரோடு போடறதுல முன்னணின்னு பேர் வாங்கின நம்ம மாநிலத்துலயே. ராசிபுரம் பக்கம் போதமலைல கீழூர், மேலூர், கெடமலைன்னு மூணு ஊர், வாக்காளர் ஆயிரம் சொச்சம். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஓட்டு மெஷினைத் தலைச்சுமையா தூக்கிக்கிட்டு அலுவலர்கள் மலை ஏறற போட்டோ பேப்பர்ல வரும், தர்மபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்குக் கழுதை மேல போகும், நாமும் பார்த்துட்டு அடடான்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் திருப்பிடுவோம். போதமலைக்கு ரோடு வராததுக்குக் காரணம் காசு மட்டும் இல்ல, நடுவுல காப்புக்காடு, அதுக்கு வனத்துறை அனுமதில இருந்து உச்ச நீதிமன்றக் குழு வரைக்கும் போய் வரணும். கடைசில 31 கிலோமீட்டர் ரோட்டுக்கு சுமார் 140 கோடி ரூபாய் ஒதுக்கி 2024-ல வேலைக்கு அடிக்கல் நாட்டினாங்க. தலைக்கு எத்தனை லட்சம்னு வகுத்துப் பார்த்து இவ்வளவு செலவு தேவையான்னு கேட்கறவங்க உண்டு. அவங்க வேலூர் மாவட்டம் அல்லேரி மலையை ஒரு தடவை நினைச்சுப் பார்க்கட்டும். 2023 மே மாசம் அங்க அத்திமரத்துக்கொல்லைல ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடிச்சது, ரோடு இல்லாம ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு, பிரேதப் பரிசோதனை முடிஞ்சு திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்னுடுச்சு, மிச்ச தூரம் அந்தத் தாய் பிள்ளையோட உடம்பைக் கையில சுமந்துக்கிட்டு நடந்தாங்க. சென்சஸ் அட்டவணைல இந்த மாதிரி ஊருக்கெல்லாம் ஒத்தையடிப் பாதைன்னு ஒரு கட்டம் இருக்குன்னு சொன்னேனே, அதுல 1 விழும்.

ஆள் இல்லாம போன ஊருக்கும் நம்மகிட்டயே உதாரணம் இருக்கு. தூத்துக்குடி மாவட்டம் செக்காரக்குடி பக்கத்துல மீனாட்சிபுரம். 2011-ல ஆயிரத்துக்கு மேல ஜனம் இருந்ததா செய்திகள்ல எழுதினாங்க, அப்புறம் ஒவ்வொரு குடும்பமா கிளம்பி ஒரே ஒரு பெரியவர் மட்டும் மிஞ்சி, அவரும் 2024-ல காலமாயிட்டார். முதல் காரணம் தண்ணி, அதுல சந்தேகம் இல்ல, மானாவாரி விவசாயம், குடிக்க நல்ல தண்ணி கிடையாது. ஆனா தண்ணி கஷ்டம் இருக்கற எல்லா ஊரும் காலியாகிடலையே. பஸ் ஒழுங்கா இல்ல, பக்கத்துல ஆஸ்பத்திரி இல்ல, பிள்ளைங்க படிப்புக்கு வழி இல்லன்னு மத்ததும் சேர்ந்தப்பதான் அங்க இருந்தவங்க முடிவெடுத்தாங்க. உத்தராகண்ட்ல இது ஒரு ஊர் ரெண்டு ஊர் கதை இல்ல. 2001-க்கும் 2011-க்கும் நடுவுல பௌரி கட்வால், அல்மோரா ரெண்டு மாவட்டத்துலயும் மொத்த ஜனத்தொகையே குறைஞ்சுது, நாட்டுல எங்க பார்த்தாலும் ஏறிக்கிட்டிருந்த காலத்துல. அந்த மாநில அரசு இதுக்குன்னே ஒரு ஆணையம் போட்டு, 2011-க்கு அப்புறம் மட்டும் 734 கிராமம் ஆளே இல்லாம ஆயிடுச்சுன்னு 2018-ல அறிக்கை கொடுத்துச்சு. அங்க வேடிக்கை என்னன்னா ரோடு வந்த பிறகும் நிறைய பேர் கிளம்பியிருக்காங்க. பக்கத்துல வேலை தர்ற டவுன் இல்லாத மலைல ரோடு போட்டா தினம் போய் வர முடியாது, அந்த ரோடு லாரில சாமான் ஏத்திட்டு டேராடூனுக்கோ டெல்லிக்கோ போகத்தான் உதவும். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பல தப்பிச்சது பத்து இருபது கிலோமீட்டருக்குள்ள ஏதாவது ஒரு டவுன் இருக்கறதாலயும், அங்க போய் வர காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணுன்னாவது ஒரு பஸ் இருக்கறதாலயும்தான்.

இந்த நம்பர் எல்லாம் இப்ப எவ்வளவு பழசுன்னு ஒண்ணு சொல்லணும். 2021-ல எடுக்க வேண்டிய சென்சஸ் கொரோனாவால தள்ளித் தள்ளிப் போய், 2027 மார்ச் 1 நிலவரப்படி எடுக்கறதா 2025 ஜூன்ல அறிவிக்கை போட்டாங்க, பனி விழற பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. அதுக்கு நடுவுல கிராமச் சாலைத் திட்டத்தோட நாலாவது கட்டத்துக்கு 2024 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தாச்சு. 25 ஆயிரம் குடியிருப்பு, 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி ரூபாய், 2028-29 வரைக்கும். தகுதிக்கு அதே 500, அதே 250, ஆனா தலை எண்றது 2011 கணக்குல. அன்னைக்கு 470 பேர் இருந்து இன்னைக்கு 600 ஆன குடியிருப்பு பட்டியல்ல வராது, அன்னைக்கு 520 இருந்து இப்ப பாதி வீடு பூட்டிக் கிடக்கற குடியிருப்பு வரும். 2027-ல புதுசா எண்ணி அது குடியிருப்பு வாரியா வெளிவர்றதுக்குள்ள இந்தக் கட்டத்து டெண்டர்ல பாதி முடிஞ்சிருக்கும். உங்க குடியிருப்பு பட்டியல்ல இருக்கா, ஊராட்சி ஆவணத்துல எந்தப் பேர்ல இருக்கு, பக்கத்துக் குடியிருப்போட சேர்த்து எண்ணியிருக்காங்களாங்கறதை கிராம சபைல கேட்டு எழுதி வாங்கலாம், தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது, பாதி ஊர்ல கூட்டத்துக்கு வர்றது நூறுநாள் வேலை பார்க்கறவங்க மட்டும்தான்.